புகை கக்கும் வண்டியைத் தர்மம் செய்யலாமா?

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஈப்போ பாடாங் ஓரத்திலுள்ள இந்திய முஸ்லிம் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்து, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நமது வியாபாரச் சகோதரர் ஒருவர் ஸலாம் சொல்லிக்கொண்டே அருகில் வந்தார். அவர் பெயர் இவ்விடத்தில் தேவையில்லை. பலசரக்கு வியாபாரம் செய்பவர். செம்மோர், சுங்கை சிப்புட் பக்கங்களில், முன்னே ரப்பர்த் தோட்டங்களாயிருந்து இப்போது செம்பனையாகவும் வீடமைப்பு இடங்களாகவும் மாறிவிட்ட பகுதிகளிலுள்ள சில்லறைக் கடைகளுக்கு அவருடைய டீசல் வேன் நெடுங்காலமாகச் சரக்குக் கொண்டுபோய்ப் போட்டு வந்தது. அந்த வேனைப் பார்த்திராத நேயர்களும் அதன் பின்னால் போக நேர்ந்திருந்தால் அதன் புகையைச் சுவாசித்திருப்பார்கள்!

"அண்ணே, நம்ம பழைய வேனை யத்தீம் பிள்ளைகள் இல்லத்துக்குக் கொடுத்துடலாம்னு நிய்யத்து வச்சிருக்கேன். அரிசி மூட்டை, காய்கறி வாங்கியார அவங்களுக்கு உதவியா இருக்கும்" என்றார்.

"மாஷா அல்லாஹ்! நல்ல எண்ணம் தம்பி" என்றேன்.

விஷயம் அதன் பிறகுதான் மெல்ல மெல்ல வெளிவந்தது. வேன் புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டது. பட்டறைக்காரர் பம்பையும் நாசிலையும் கழற்றிப் பார்க்க வேண்டுமென்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அந்தத் தொகையுடன் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது வேனுக்கு முன்பணமே கட்டிவிடலாமாம். விற்கலாமென்றால் வாங்குவாரில்லை. ஆகவே தர்மம்! "இதோட மதிப்பை இந்த வருஷ ஜக்காத்திலே கழிச்சுக்கலாமா அண்ணே?" என்றும் ஒரு கேள்வி போட்டார்.

ஜக்காத்து விஷயத்துக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். வியாபாரச் சரக்கின் ஜக்காத்தை அதன் மதிப்புக்குரிய பணமாகக் கொடுப்பதே நமது ஷாபிஈ மத்ஹபின் வழி. கடையில் ஓடித் தேய்ந்த வேனைக் கொண்டு அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. சந்தேகமிருந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் முதல் விஷயத்துக்கு, அஃதாவது அந்த வேனை ஸதகாவாகக் கொடுப்பது நல்ல காரியந்தானா என்பதற்கு, என்னால் உடனே பதில் சொல்லக் கூடவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் தம்பி" என்று வந்துவிட்டேன். அப்படி யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரிசோதனையைப் பற்றி இரண்டு வார்த்தை. நமது நாட்டில் சரக்கு வண்டிகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது வேன், லோரி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். 1994ஆம் ஆண்டில் புஸ்பாகோம் ஏற்பட்ட பிறகு பிரேக், விளக்கு, புகை எல்லாம் இயந்திரத்தைக் கொண்டே சோதிக்கப்படுகின்றன. டீசல் வண்டியானால், கியர் போடாமல் நிறுத்திவைத்து எண்ணெயை முழுக்க மிதிக்கச் சொல்கிறார்கள். புகைக்குழாயில் ஒரு கருவியைச் செருகி, வெளிவரும் புகையினூடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறைக்கப்படுகிறது என்று அளக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்படி அந்த அளவு 50க்கு மேல் போகக் கூடாது. போனால் வண்டி தோல்வி.

தோற்ற வண்டியெல்லாம் செத்த வண்டியென்று நினைத்துவிடக் கூடாது. காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டிருந்தாலும் கரும்புகை வரும். நாசில் தேய்ந்து எண்ணெய் துளித்துளியாகச் சொட்டினாலும் வரும். இவை சில்லறை வேலைகள். ரிங்கு தேய்ந்து, கம்ப்ரஷன் போய், என்ஜின் எண்ணெயே சேர்ந்து எரிகிறதென்றால்தான் பெரிய செலவு. பெட்ரோல் காரிலும் இப்படியே சிறிய கோளாறும் உண்டு, பெரிய கோளாறும் உண்டு. இதை ஏன் சொல்கிறேனென்றால், "பரிசோதனையில் தோற்றுவிட்டது, இனி எதற்கும் ஆகாது, யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று நம்மில் பலர் ஒரே தாவாகத் தாவிவிடுகிறோம்.

நிற்க. விற்பனையைப் பற்றியானால் நமக்குக் குழப்பமே கிடையாது. நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, அந்த ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட வரலாற்றை நமது பிள்ளைகளும் அறிவார்கள். இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. அவர்களுடைய பங்காளி ஒரு முறை குறையுள்ள துணியை, குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இவ்விரு செய்திகளும் ஒரு வியாபாரிக்குப் போதும்.

இந்தப் பேராவில் ரப்பர் வியாபாரம் செய்த நமது பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. புகைக்கூண்டில் உலர்த்திய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஐந்தாம் தரம் வரையில் பிரிப்பார்கள். ஐந்தாம் தரத்தை ஐந்தாம் தரமென்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமுமில்லை. நடுவே ஈர ஷீட்டை வைத்துக் கட்டி முதல் தரமென்றால்தான் குற்றம். (புகையால் சரக்குக்கு நன்மை விளைந்த தொழில் அது ஒன்றுதான் போலும்!)

தர்மம் என்று வந்துவிட்டால் இந்தத் தராசை ஏனோ கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி சொல்லுகிறது. நியாயமான பேச்சுத்தான். ஆனால் அது வாங்குகிறவனுக்குச் சொன்னது. வாங்குகிறவன் பல்லைப் பார்க்கக் கூடாதென்றால், கொடுக்கிறவன்தானே பார்த்துக் கொடுக்க வேண்டும்? நாமோ அந்தப் பழமொழியை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, பல்லில்லாத மாடுகளையெல்லாம் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் ஓட்டிவிடுகிறோம். பண்டிகைக்கு முன்னால் யத்தீம்கானாக்களில் வந்து குவியும் துணி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மதீனாவில் பேரீத்தம்பழ அறுவடைக் காலத்தில் அன்ஸாரிகள் பழக்குலைகளைக் கொண்டுவந்து பள்ளியில் தொங்கவிடுவார்கள். ஏழை முஹாஜிர்கள் பசித்தபோது உண்டு கொள்வார்கள். அவற்றோடு சிலர் காய்ந்து சொத்தையான குலைகளையும் தொங்கவிட்டார்கள். அதைத் தொட்டே பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் இறங்கியதாக விரிவுரையாளர்கள் கூறுவர். உங்களுக்கே ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டீர்களே, அப்படிப்பட்ட மட்டமானதைத் தேடியெடுத்துக் கொடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து.

இதைக் கேட்டவுடன், பழைய பொருள் எதையுமே கொடுக்கக் கூடாதா என்று ஒரு கேள்வி எழலாம். பழசும் மட்டமும் ஒன்றாகிவிடா. சாயம் மங்கி, இருக்கை கிழிந்து, கதவை இரண்டு முறை அடித்துச் சாத்தவேண்டிய ஒரு கார் இருக்கிறது, ஓடுகிறது, புகையில்லை. "இன்னின்ன குறை, இஷ்டமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தால் அது நல்ல தர்மமேயாகும். அந்தக் குறையால் கொடையின் மதிப்புக் குறைகிறது. வாங்குகிறவர் அறிந்து சம்மதித்துவிட்டால் விவகாரம் அத்துடன் தீர்ந்தது.

புகை அந்த வகையைச் சேர்ந்ததா? இங்கேதான் எனக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டது. நமது சகோதரர் புகை விஷயத்தை இல்லத்தாரிடம் ஒளிக்க நினைக்கவில்லை. சொல்லித்தான் கொடுப்பார். அவர்களும் சரியென்பார்கள், இலவசமாக வருவதை வேண்டாமென்று சொல்லும் வசதி அவர்களுக்கு எங்கே? ஆனால் அந்தப் புகையைக் குடிக்கப் போகிறவர்கள் இந்தப் பேச்சுவார்த்தையில் இல்லையே! இல்லத்து முற்றத்தில் விளையாடும் பிள்ளை, ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் தோட்டத்துக் கிழவி, சிக்னலில் பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர் இவர்களில் யாரிடம் குறையைச் சொன்னோம்? யார் சம்மதித்தார்கள்? டீசல் என்ஜின் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012 ஜூன் மாதத்தில் தீர்மானமாக அறிவித்துவிட்டது. சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில், காற்றசையாத நாட்களில் புகை எங்கே போகுமென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பேர் சம்மதித்து மூன்றாமவருக்குச் செய்யும் தீங்கு, அவ்விருவரின் சம்மதத்தால் சுத்தமாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மோட்டார் வண்டியைக் கனவிலும் காணாத காலத்தில், பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1111இல் மறைந்த அவர்களின் இஹ்யாவில் சம்பாத்தியத்தின் ஒழுங்குகளைச் சொல்லுமிடத்தில் கள்ள நாணயத்தைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. வியாபாரியின் கைக்குத் தெரியாமல் ஒரு செல்லாத திர்ஹம் வந்துவிட்டால் அவன் என்ன செய்வது? அடுத்தவன் தலையில் கட்டுவது நூறு திர்ஹம் திருடுவதைவிடக் கொடியது என்கிறார்கள் இமாமவர்கள். ஏனெனில் திருட்டு ஒரு தடவையோடு முடிந்துவிடும். கள்ள நாணயமோ கைமாறிக் கைமாறி, அவன் கபுருக்குள் போன பிறகும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். சரி, செல்லாத நாணயமென்று சொல்லிக் கொடுத்துவிட்டால்? அப்போதும் தப்பில்லையென்று சொல்லிவிட முடியாதாம். அறிந்தும் அதை ஒருவன் வாங்குகிறானென்றால் வேறொருவனிடம் தள்ளுவதற்காகவே வாங்குகிறான். ஆகவே யார் கைக்கும் எட்டாதபடி அதைக் கிணற்றில் எறிந்துவிடு என்பது இமாமவர்களின் தீர்ப்பு.

புகை வண்டியும் (ரயிலைச் சொல்லவில்லை, நமது வேனைச் சொல்கிறேன்) எனக்கு அந்தத் திர்ஹத்தைப் போலவே தோன்றிற்று. இல்லத்தார் ஓர் ஆண்டு ஓட்டிவிட்டு இன்னொருவருக்குத் தள்ளுவார்கள். அவர் ஏதாவது ஒரு கம்பத்துக்குள் கொண்டுபோய், ரோட் டேக்ஸ் இல்லாமலே ஓட்டுவார். நமது சகோதரருடைய தர்மக் கணக்கில் நன்மை எழுதப்படுகிறதென்றால், அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதப்படுவதென்ன?

உலகம் முழுவதும் இதேதான் நடக்கிறது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2015 முதல் 2018 வரை 1 கோடியே 40 லட்சம் பழைய கார்களும் வேன்களும் பணக்கார நாடுகளிலிருந்து ஏற்றுமதியாயின. நூற்றுக்கு 80 ஏழை, நடுத்தர நாடுகளுக்குப் போயின. பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவுக்கு. ஹாலந்து துறைமுகங்களில் ஆப்பிரிக்காவுக்குப் போகும் வண்டிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றுக்கு ஓட்டத் தகுதியானதென்ற செல்லுபடியாகும் சான்றே இல்லை. அவர்களூரில் ஓட்டக் கூடாத வண்டி அடுத்தவன் ஊரில் ஓடலாம் என்பது என்ன நீதி?

அமெரிக்காவில் காரைத் தர்மம் செய்வது ஒரு பெரிய வழக்கம். கொடுத்த காரின் மதிப்பை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். (நமது சகோதரர் ஜக்காத்தில் கழிக்கக் கேட்டது நினைவுக்கு வருகிறதல்லவா?) அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003இல் 54 கார்த் தர்மங்களை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் வரிக் கணக்கில் எழுதிய மதிப்பில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவோதான் தர்ம ஸ்தாபனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது! இதன் பிறகு 2004இல் சட்டம் திருத்தப்பட்டது. 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், பெரும்பாலும் ஸ்தாபனம் அந்தக் காரை விற்ற விலையைத்தான் கழிக்கலாம் என்றாகிவிட்டது. கலிபோர்னியா மாகாணத்திலோ, புகைச் சோதனையில் தோற்ற காரை அரசாங்கமே பணம் கொடுத்து வாங்கி உடைத்துவிடுகிற திட்டமொன்று உண்டு. கஸ்ஸாலி இமாமின் கிணறு அங்கே இப்படி வெட்டப்பட்டிருக்கிறது.

நமது நாட்டிலும் 2009இல் பத்தாண்டுக்கு மேற்பட்ட காரை உடைக்கக் கொடுத்துப் புது புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குகிறவருக்கு 5,000 வெள்ளி தள்ளுபடி என்று ஒரு திட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 15 ஆண்டு கடந்த வண்டிகள் ரோட் டேக்ஸ் புதுப்பிக்கக் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டுமென்றும் அறிவித்தார்கள். ஜனங்கள் பெருங்கூச்சல் போடவே, சில நாட்களில் அது கைவிடப்பட்டது. கூச்சல் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். புதுக் கார் வாங்க முடிந்தவனுக்குத் தள்ளுபடியும், வாங்க முடியாதவனுக்குப் பரிசோதனையும் என்றால் யாருக்கு வயிறெரியாது?

எனது முடிவுக்கு எதிரான வலுவான வாதமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "உங்களுக்கென்ன, ஏர்க்கண்டிஷன் காரில் போகிறீர்கள். ஒன்றுமில்லாதவனுக்குப் புகை வண்டியும் ஒரு வண்டிதான். ஒரு வேனுடைய புகையால் ஈப்போ கறுத்துவிடப் போகிறதா? மூட்டையைத் தலையில் சுமக்கிறவனிடம் புகையைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள்" என்று ஒருவர் கேட்டால் அதில் உண்மை இல்லையென்று சொல்ல முடியாது. நமது முன்னோர்கள் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சம்பள நாளன்று லயன் லயனாக மிதித்தவர்கள். அவர்களுக்கு அன்று ஒருவர் புகை கக்கும் வேனைக் கொடுத்திருந்தால் இரு கைகளாலும் வாங்கியிருப்பார்கள். நானும் வாங்கியிருப்பேன்.

ஆனால் இந்த வாதத்தைச் சொல்ல உரிமை பெற்றவர் யார்? வேறு வழியில்லாதவர் சொல்லலாம். தன்னிடமுள்ள ஒரே வண்டி புகைகிறதென்றும், அதை நிறுத்தினால் அடுப்பு எரியாதென்றும் ஒருவர் சொன்னால், அவரைக் குற்றம் சொல்வதற்கு முன் நாம் நாலு பேர் சேர்ந்து நாசில் மாற்றிக் கொடுக்க வேண்டும். நமது சகோதரருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவருக்கு முன்னே மூன்று வழிகள் திறந்திருந்தன: பழுது பார்த்துக் கொடுக்கலாம், பழைய இரும்புக்குப் போட்டுப் பணத்தைக் கொடுக்கலாம், அல்லது இருக்கிறபடியே தள்ளிவிடலாம். மூன்றாவதில்தான் அவருக்குச் செலவும் இல்லை, பெயரும் கிடைக்கிறது. ஏழையின் அவசியத்தைக் காட்டி நமது சௌகரியத்தைச் சாதித்துக்கொள்வது என்பது இதுதான். "வண்டியா, வண்டியில்லையா" என்று கேள்வியை அமைத்துவிட்டால் புகை வண்டிதான் ஜெயிக்கும். கேள்வியை அப்படி அமைத்தவர் யார் என்று பார்க்க வேண்டும்.

கழிப்பது வேறு, கொடுப்பது வேறு. வீட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே போடுவதும் அவசியமான காரியந்தான். அதை யாரும் விருந்தென்று சொல்வதில்லை. இமாம் அபூ ஹனீபா அவர்கள் அந்தத் துணியின் பணத்தைக் கொடுத்தபோதுகூட, தமக்கு ஆகாத பணத்தைத் தம்மிடமிருந்து நீக்கினார்களே தவிர, தாம் பெரிய கொடை செய்துவிட்டதாகக் கருதியிருக்கமாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாதையிலிருந்து பிறருக்குத் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஒரு ஸதகா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். முள்ளுக்கும் கல்லுக்கும் பொருந்துவது, ரோட்டில் புகையைக் கக்கிக்கொண்டு போகும் வேனுக்கும் பொருந்துமல்லவா? அதை உடைக்கக் கொடுத்தால் அதுவே ஒரு தர்மம். ரசீதும் கிடையாது, வேனின் கதவில் கொடுத்தவர் பெயரும் எழுதமாட்டார்கள். இன்னொரு லௌகிகக் காரணமும் உண்டு. பெயர் மாற்றுவதற்கும் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதால், தோற்ற வண்டியைக் கொடுப்பவர்கள் அநேகமாகப் பெயர் மாற்றாமலே சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு சம்மனும் விபத்து வழக்கும் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கிற்று. "நல்லதைச் செய்ய வந்தா இவ்வளவு கணக்கா அண்ணே?" என்றார். "கடையிலே ஒரு சென்னுக்குக் கணக்குப் பார்க்கிறோமே தம்பி" என்றேன். இருவரும் வேறு ஒரு பட்டறைக்கு வேனைக் கொண்டுபோனோம். போமன் காற்று வடிகட்டியை மாற்றினார், நாசிலைக் கழற்றிச் சோதித்தார், கம்ப்ரஷன் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். ரிங்கு போய்விட்டது. என்ஜினைப் பிரித்துச் செய்தால் வேனின் விலையைவிடக் கூலி அதிகம். பழைய இரும்புக் கடையில் எடை போட்டார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவை ரத்துச் செய்ய வேண்டிய காகிதங்களைச் சகோதரர் தாமே எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் கொடுத்த பணத்தோடு, வேனைத் தள்ளிவிட்டிருந்தால் மிச்சமாயிருக்கும் பட்டறைக் கூலியில் ஒரு பகுதியையும் சேர்த்து உறையில் போட்டார். அதைச் செய்யும்படி நான் சொல்லவில்லை.

இல்லத்துக்கு இருவருமாகப் போனோம். காரியதரிசி உறையை வாங்கிக்கொண்டு துஆச் செய்தார். பேச்சுவாக்கில், வேன் ஒன்று வருவதாகக் கேள்விப்பட்டு எங்கே நிறுத்துவது, ஓட்டுகிறவனுக்குச் சம்பளம் எங்கே போவது என்று கமிட்டியார் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். சாமானெல்லாம் பாசார்க் கடைக்காரரே கொண்டுவந்து போட்டுவிடுகிறாராம். அவர்களுக்குத் தேவை சமையற்கட்டுக் கூரைக்குப் புதுத் தகரம். மழைக்கு ஒழுகுகிறது.

அதை அவர்களிடம் முதலிலேயே கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.